செல்போன் ஆலைக்கு அரசு ஏன் பணம் கொடுக்கிறது? வேலைக்குக் கிளம்பும் குமரிப் பிள்ளைகளுக்கு ஓர் எளிய விளக்கம்

ஸ்ரீபெரும்புதூரிலோ ஓசூரிலோ ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி ஆள் எடுக்கிறது என்றால், செய்தி நாகர்கோவிலுக்கும் மார்த்தாண்டத்துக்கும் சீக்கிரமே வந்து சேர்ந்துவிடுகிறது. பிளஸ் டூ, ஐ.டி.ஐ., டிப்ளமோ, சில நேரம் பி.இ. முடித்தவர்கள்கூடப் பெட்டியைக் கட்டுகிறார்கள். அதே நாட்களில் செய்தித்தாளில் 'இத்தனை ஆயிரம் கோடி முதலீடு, இத்தனை ஆயிரம் பேருக்கு வேலை' என்று ஓர் அறிவிப்பும் வருகிறது. இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று யாரும் வீட்டில் உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை. அரசு எந்தக் கணக்கில் கம்பெனிக்குப் பணம் கொடுக்கிறது, அதற்குக் கம்பெனி என்ன செய்து காட்ட வேண்டும், அந்தக் கணக்கில் வேலைக்குப் போகும் பிள்ளை எங்கே வருகிறாள் என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

கூடுதலாக விற்றால் கூடுதல் பணம்

ஒரு செல்போனை இந்தியாவில் செய்வதைவிடச் சீனாவிலோ வியட்நாமிலோ செய்தால் செலவு குறைகிறது. அங்கே உதிரிபாகம் செய்பவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். கடன் வட்டி, மின்சாரம், சரக்குப் போக்குவரத்து எல்லாமே அங்கே கம்பெனிக்குச் சாதகம். இந்த இடைவெளியை அடைக்க அரசிடம் பழைய வழி ஒன்று இருந்தது: இறக்குமதி வரி. முழு செல்போனுக்கு 2017 ஜூலையில் 10 சதவீத வரி வந்தது, 2018இல் அது 20 சதவீதமானது, 2024 ஜூலையில் 15 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் கம்ப்யூட்டர் போன்ற பல பொருட்களுக்கு இப்படி வரி போட முடியாது. 1997இல் இந்தியா சேர்ந்த சர்வதேச தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தம் அதைத் தடுக்கிறது. அப்புறம், வரி என்பது உள்ளூர் சந்தையைத்தான் காக்கும். இங்கே செய்து அமெரிக்காவுக்கு அனுப்பும் போனுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. ஏற்றுமதிக்கு என்று நேரடியாக மானியம் கொடுக்கலாமா என்றால், உலக வர்த்தக அமைப்பின் விதிகள் குறுக்கே நிற்கின்றன.

அதனால் வந்ததுதான் உற்பத்தி சார்ந்த ஊக்கத்தொகை. ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து பி.எல்.ஐ. என்பார்கள். நம் குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்ட முதலாளி ஒருவர் பால்வெட்டும் ஆளிடம் இப்படிச் சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள்: "போன வருடம் எடுத்த அளவை விட்டுவிடு. அதற்கு மேல் எவ்வளவு எடுக்கிறாயோ, அந்தக் கூடுதலுக்கு மட்டும் நூற்றுக்கு ஆறு ரூபாய் தருகிறேன். ஆனால் கூடுதல் இந்த அளவைத் தாண்டவில்லை என்றால் ஒன்றும் கிடையாது." திட்டத்தின் எலும்புக்கூடு இதுதான்.

செல்போன் உள்ளிட்ட பெரிய அளவு எலக்ட்ரானிக்ஸ் உற்பத்திக்கான பி.எல்.ஐ. 2020 ஏப்ரல் 1 அன்று அறிவிக்கப்பட்டது. ஒதுக்கீடு சுமார் 41,000 கோடி ரூபாய். 2019-20ஆம் ஆண்டு விற்பனைதான் அடிப்படை. அதற்கு மேல் விற்ற தொகையில் முதல் இரண்டு ஆண்டுகள் 6 சதவீதம், அடுத்த இரண்டு ஆண்டுகள் 5, ஐந்தாம் ஆண்டு 4 சதவீதம். அடிப்படை ஆண்டில் 1,000 கோடிக்கு விற்ற கம்பெனி முதல் ஆண்டில் 6,000 கோடிக்கு விற்றால் கூடுதல் 5,000 கோடி. அதில் 6 சதவீதம், 300 கோடி ரூபாய் கைக்கு வரும். வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு 15,000 ரூபாயும் அதற்கு மேலும் பில் போட்ட போன்கள் மட்டுமே கணக்கில் சேரும். அவர்கள் நான்கு ஆண்டுகளில் 1,000 கோடி முதலீடு செய்ய வேண்டும், இந்தியக் கம்பெனி என்றால் 200 கோடி. ஆண்டுதோறும் எட்ட வேண்டிய விற்பனை வரம்பும் உண்டு.

இந்த நிபந்தனைகளை இன்னொரு முறை பாருங்கள். முதலீடு இருக்கிறது, விற்பனை இருக்கிறது. எத்தனை பேரை, எந்தச் சம்பளத்தில், எத்தனை ஆண்டுக்கு வைத்திருக்க வேண்டும் என்பது பணம் கிடைப்பதற்கான நிபந்தனையில் இல்லை. விற்பனை கூடினால் வேலை தானாகக் கூடும் என்ற எதிர்பார்ப்பில் எழுதப்பட்ட திட்டம் இது. அந்த எதிர்பார்ப்பு வீண் போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2024-25இல் தமிழ்நாட்டின் எலக்ட்ரானிக்ஸ் ஏற்றுமதி 1,465 கோடி டாலர். நாட்டின் மொத்த எலக்ட்ரானிக்ஸ் ஏற்றுமதியில் அது ஏறத்தாழ 41 சதவீதம். ஸ்ரீபெரும்புதூர், செங்கல்பட்டு, ஓசூர் ஆலைகளில் லைனில் நிற்பவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். வேலை வந்தது உண்மை. எப்படிப்பட்ட வேலை என்பது தனிக் கேள்வி.

ஒரு வேலைக்கு அரசு போடும் பணம்

அடுத்த கட்டத் திட்டம் 2025 மார்ச்சில் மத்திய அமைச்சரவையில் ஒப்புதல் பெற்றது. இது போனைப் பூட்டுவதற்கு அல்ல, போனுக்குள் இருக்கும் உதிரிபாகங்களைச் செய்வதற்கு: சர்க்யூட் போர்டு, கேமரா மாட்யூல், டிஸ்ப்ளே மாட்யூல், பேட்டரி செல் போன்றவை. அப்போதைய ஒதுக்கீடு 22,919 கோடி. எதிர்பார்க்கும் முதலீடு 59,350 கோடி. எதிர்பார்க்கும் நேரடி வேலை 91,600. முந்தைய திட்டத்தில் இல்லாத ஒரு நல்ல மாற்றம் இதில் உண்டு. ஊக்கத்தொகையில் ஒரு பகுதி, கம்பெனி வேலைவாய்ப்பு இலக்கை எட்டினால்தான் கிடைக்கும். சில வாரங்களிலேயே தமிழ்நாடு அரசும் இதற்கு இணையாகத் தன் பங்கைத் தரும் திட்டத்தை அறிவித்தது. அதன் இலக்கு 30,000 கோடி முதலீடு, 60,000 வேலை.

இந்த எண்களை வகுத்துப் பார்க்கலாம். மத்திய அரசின் 22,919 கோடியை 91,600ஆல் வகுத்தால் ஒரு வேலைக்கு ஏறக்குறைய 25 லட்சம் ரூபாய். கம்பெனிகள் போடும் முதலீட்டை வகுத்தால் ஒரு வேலைக்கு சுமார் 65 லட்சம். இதிலிருந்து இரண்டு விஷயம் தெரிகிறது. முதலாவது, உதிரிபாக ஆலை என்பது மெஷின் நிறைந்த, ஆள் குறைந்த ஆலை. போன் பூட்டும் லைன் போல ஆயிரக்கணக்கில் ஆள் எடுக்காது. எடுப்பவர்களிடம் மெஷினைப் புரிந்துகொள்ளும் படிப்பை எதிர்பார்க்கும். இரண்டாவதுதான் எனக்கு முக்கியம். இறக்குமதியைக் குறைப்பது, தொழில்நுட்பம் வளர்வது என்று அந்தப் பணத்துக்கு வேறு நோக்கங்களும் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஒரு வேலைக்கு 25 லட்சம் என்ற அளவில் பொதுப்பணம் போகும்போது, அது என்ன வேலை என்று கேட்கும் உரிமை வரி கட்டும் எல்லோருக்கும் இருக்கிறது. குளச்சலில் மீன் விற்பவர் வாங்கும் சோப்பிலும் ஜி.எஸ்.டி. இருக்கிறது.

சலுகையை நம்பி வந்த ஆலை நின்றுபோனால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு ஸ்ரீபெரும்புதூரிலேயே ஒரு வரலாறு உண்டு. நோக்கியா ஆலை 2006இல் அங்கே உற்பத்தியைத் தொடங்கியது. ஒரு காலத்தில் உலகின் மிகப் பெரிய செல்போன் ஆலைகளில் ஒன்று. வருமான வரித் துறையோடும் மாநில வணிக வரித் துறையோடும் வரி வழக்குகள் மூண்டன. மைக்ரோசாஃப்ட் நோக்கியாவின் போன் தொழிலை வாங்கியபோது, வழக்கில் சிக்கிய சென்னை ஆலையை வெளியே விட்டுவிட்டது. 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது. ஆயிரக்கணக்கான இளைஞர்கள், பெரும்பாலும் இருபதுகளில் இருந்தவர்கள், விருப்ப ஓய்வுத் தொகையை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். அந்த ஆலையை நம்பியிருந்த பக்கத்து உதிரிபாக நிறுவனங்களும் ஆட்டம் கண்டன. அதே வளாகத்தில் 2020இல் சால்காம்ப் நிறுவனம் சார்ஜர் செய்யத் தொடங்கியது. கட்டடத்துக்குப் புது வாழ்வு கிடைத்தது. 2014இல் வெளியேறியவர்களுக்கு அப்போது முப்பது வயது தாண்டியிருந்தது. லைன் வேலைக்கு அந்த வயதில் யாரும் கூப்பிடுவதில்லை.

யார் முதலாளி?

வேலைக்குப் போகும் பிள்ளை முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதுதான். ஆலையின் வாசலில் இருக்கும் பெயரும், சம்பளம் போடும் நிறுவனத்தின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒரே லைனில், ஒரே சீருடையில், பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் நான்கு பெண்கள் நான்கு வகை வேலையில் இருக்கலாம்.

ஒருத்தி கம்பெனியின் நேரடி நிரந்தரப் பணியாளர். இன்னொருத்தி நேரடிப் பணியாளர்தான், ஆனால் இத்தனை மாதம் என்று காலம் குறித்த ஒப்பந்தம். மூன்றாமவள் காண்ட்ராக்டர் மூலம் வந்தவள். அவளுக்குச் சட்டப்படி முதலாளி அந்தக் காண்ட்ராக்டர். நான்காமவள் அப்ரண்டிஸ். 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டப்படி அவள் பயிற்சி பெறுபவள், தொழிலாளி அல்ல. அவளுக்குக் கிடைப்பது சம்பளம் இல்லை, உதவித்தொகை. அதில் 25 சதவீதத்தை, மாதம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசே ஏற்கும் திட்டமும் இருக்கிறது. உண்மையான பயிற்சி நடந்தால் அப்ரண்டிஸ் முறை மிக நல்லது. ஒரே ஸ்குரூவை ஓர் ஆண்டு முழுக்க முடுக்க வைத்துவிட்டு அதற்குப் பயிற்சி என்று பெயரிட்டால், அது குறைந்த செலவில் ஆள் பிடிப்பது மட்டுமே. இதை நான் கடுமையாகவே சொல்கிறேன், ஏனென்றால் அந்த ஓர் ஆண்டு அந்தப் பிள்ளைக்குத் திரும்பக் கிடைக்காது.

கம்பெனிகள் ஏன் இப்படிப் பிரிக்கின்றன? புது மாடல் போன் வரும் மாதங்களில் ஆர்டர் எகிறும், பிறகு இறங்கும். ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப ஆளைக் கூட்டவும் குறைக்கவும் அவர்களுக்கு வசதி வேண்டும். அந்த ஏற்ற இறக்கத்தின் சுமை முழுவதும் காண்ட்ராக்டில் வந்தவர் தலையில் இறங்குகிறது என்பதுதான் பிரச்சினை. தமிழ்நாட்டில் 1981ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இதற்கு ஓரளவு கடிவாளம் போடுகிறது. 24 மாதங்களில் 480 நாட்கள் தொடர்ந்து வேலை செய்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்பது அதன் சாரம். 480 நாள் நிறைவதற்குக் கொஞ்சம் முன்பே முடிகிற ஒப்பந்தம் கைக்கு வந்தால் அந்தத் தேதியைக் கவனித்துப் பாருங்கள்.

29 பழைய தொழிலாளர் சட்டங்களைச் சேர்த்து உருவாக்கிய நான்கு தொகுப்புகள் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தன. வேலைக்குச் சேரும் எல்லோருக்கும் நியமனக் கடிதம் தர வேண்டும் என்பது அவற்றில் உள்ள ஒரு விதி. காலம் குறித்த ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு ஓர் ஆண்டு முடித்தாலே கிராஜுவிட்டி என்ற பணிக்கொடை உண்டு, முன்பு ஐந்து ஆண்டு தேவைப்பட்டது. இவை தொழிலாளிக்கு நல்லவை. மறுபக்கம், 100 பேருக்கு மேல் உள்ள ஆலை ஆட்குறைப்பு செய்ய அரசின் முன் அனுமதி வேண்டும் என்றிருந்த வரம்பு 300 ஆகிவிட்டது. காண்ட்ராக்ட் தொழிலாளர் விதிகள் பொருந்தும் வரம்பு 20 பேரிலிருந்து 50 ஆகிவிட்டது. இவை கம்பெனிக்கு வசதி.

வேலை நேரம் பற்றியும் இதே இழுபறிதான். 2023 ஏப்ரலில், ஆலைகள் விரும்பினால் 12 மணி நேர வேலைநாளை அனுமதிக்கும் சட்டத் திருத்தம் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. முதலீட்டாளர்கள் கேட்கும் நெகிழ்வு இது என்று காரணம் சொன்னார்கள். தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்ததால் மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. அடுத்த ஆண்டு சாம்சங் ஆலையில் செப்டம்பர் 9 முதல் 37 நாட்கள் வேலைநிறுத்தம் நடந்தது. முதன்மைக் கோரிக்கை கூலி அல்ல, சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும் என்பது. 2025 ஜனவரியில் அந்தச் சங்கம் பதிவானது. எலக்ட்ரானிக்ஸ் தொழிலில் தொழிலாளர் குரலுக்கு இடம் உண்டா என்ற கேள்வி அதற்குப் பிறகு முன்பைவிட வெளிப்படையாகப் பேசப்படுகிறது. பேசப்பட வேண்டியதும்கூட.

குமரியிலிருந்து 700 கிலோமீட்டர்

நம் மாவட்டத்துக்கு இதில் தனிப் பிரச்சினை ஒன்று இருக்கிறது: தூரம். அண்டி ஆபீஸ் என்று நாம் சொல்லும் முந்திரி ஆலையில் வேலை செய்த பெண்கள் மாலையில் வீட்டுக்கு வந்தார்கள். கூலி குறைவு, ஆனால் வீடு பக்கம். அந்த ஆலைகளில் பலவும் கேரளத்தில் கூலிச் சட்டங்கள் இறுகியபோது குறைந்த கூலி தேடி எல்லை தாண்டி இங்கே வந்தவை. அரசின் கொள்கை மாறினால் முதலீடு எப்படி இடம் மாறும் என்பதை நம் பாட்டிமார் தலைமுறையே பார்த்துவிட்டது. இப்போது ஆலை நம்மைத் தேடி வரவில்லை, நம் பிள்ளைகள் ஆலையைத் தேடிப் போகிறார்கள். அதனால் தங்கும் விடுதியும் வேலையின் ஒரு பாகமாகிவிட்டது.

2021 டிசம்பரில், ஐபோன் பூட்டும் ஃபாக்ஸ்கான் ஆலைத் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் உணவு நஞ்சாகி 150க்கும் மேற்பட்ட பெண்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். மற்ற பெண்கள் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஆலையே சில வாரங்கள் மூடப்பட்டது. சாப்பாடும் கழிப்பறையும் உற்பத்தியை நிறுத்தும் அளவுக்குப் பெரிய விஷயம் என்பது அரசுக்கும் கம்பெனிகளுக்கும் அப்போதுதான் உறைத்தது. 2024 ஆகஸ்டில் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் குடியிருப்பை, மாநில அரசின் தொழிற்பூங்கா நிறுவனமான சிப்காட் 706 கோடி ரூபாய் செலவில் திறந்தது. நல்ல தொடக்கம். ஆனால் திருமணமான பெண், குழந்தை உள்ள பெண் எங்கே தங்குவாள்? 2024 ஜூனில், ஸ்ரீபெரும்புதூர் ஐபோன் ஆலையில் திருமணமான பெண்களை வேலைக்கு எடுப்பதில்லை என்று செய்தி வெளியானபோது மத்திய தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. விடுதி வாழ்க்கையை மட்டுமே நம்பிய ஏற்பாட்டில், இருபத்தைந்து வயதுக்கு மேல் ஒரு பெண்ணால் தொடர முடியாமல் போவது நடந்துகொண்டே இருக்கும்.

அப்படியானால் இங்கேயே ஆலை வரக்கூடாதா? தென் மாவட்டங்களுக்குக் கூடுதல் சலுகை தரும் முறை மாநிலத் தொழில் கொள்கையில் ஏற்கெனவே இருக்கிறது. பிரச்சினை நிலம். 2011 கணக்கெடுப்புப்படி சதுர கிலோமீட்டருக்கு 1,100க்கும் அதிகமானவர்கள் வாழும் மாவட்டம் இது. மிச்சம் மலை, குளம், ரப்பர், வயல். நூற்றுக்கணக்கான ஏக்கர் கேட்கும் செல்போன் ஆலையை இங்கே கொண்டுவர வேண்டும் என்று நான் கேட்க மாட்டேன், குளங்களை நிரப்பித்தான் அது முடியும் என்றால் வேண்டவே வேண்டாம். அருகில், நெல்லை மாவட்டக் கங்கைகொண்டானில் டாடா பவரின் சோலார் செல் ஆலை இருக்கிறது, அங்கே பெண்கள் பெருமளவில் வேலை செய்கிறார்கள். வார விடுமுறைக்கு வீட்டுக்கு வந்து போகக்கூடிய தூரம் அது.

இங்கே பொருந்துவது குறைந்த இடமும் நிறைந்த படிப்பும் கேட்கும் வேலை. மாநிலத்திலேயே எழுத்தறிவில் முதலிடம் நமக்கு, 2011இல் 91.75 சதவீதம். நாகர்கோவிலின் கோணம் பகுதியில் ஐ.டி.ஐ., அரசு பாலிடெக்னிக், அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரி, சிட்கோ தொழிற்பேட்டை எல்லாம் அடுத்தடுத்து இருக்கின்றன. எலக்ட்ரானிக்ஸ் தேவையும் நம்மிடமே இருக்கிறது. 2017 ஒக்கிப் புயலில் ஆழ்கடலில் இருந்த நம் மீனவர்களுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை. அந்த இழப்பைத் தூத்தூர் பக்கம் யாரும் மறக்கவில்லை. இப்போது இஸ்ரோ உருவாக்கிய இருவழித் தகவல் கருவியை நாடு முழுக்க 1 லட்சம் படகுகளில் பொருத்தும் திட்டம் நடக்கிறது. உப்புக்காற்றில் அந்தக் கருவி பழுதானால் தேங்காய்ப்பட்டணத்திலோ முட்டத்திலோ பார்க்க ஆள் வேண்டும். முப்பந்தல் காற்றாலைகளின் கட்டுப்பாட்டு போர்டுகளைப் பழுது பார்க்க ஆள் வேண்டும். உற்பத்திக்குக் கொடுக்கும் ஊக்கத்தில் சிறு பங்கைப் பழுதுபார்ப்புக்கும் சிறிய போர்டு அசெம்பிளி யூனிட்களுக்கும் கொடுத்தால், அந்தப் பணம் கோணத்தைத் தாண்டிப் போகாது. நம் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் கேட்க வேண்டியது இதை.

முகாமுக்குப் போகும்போது

மாவட்ட வேலைவாய்ப்பு மையமோ கல்லூரியோ நடத்தும் முகாமில் கம்பெனி மேசை முன்னால் உட்கார்ந்ததும், சம்பளம் எவ்வளவு என்பதற்கு முன்னால் நியமனக் கடிதம் யார் பெயரில் வரும் என்று கேளுங்கள். அடுத்து, எந்த வகை வேலை, எத்தனை மாதம். சம்பளத்தில் விடுதி, சாப்பாடு, பஸ் பிடித்தம் போக வங்கியில் என்ன வரும் என்பதை எழுதித் தரச் சொல்லுங்கள். பி.எஃப். பிடித்தம் அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம், கம்பெனியும் அதே அளவு போட வேண்டும். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் என்றால் இ.எஸ்.ஐ. என்ற மருத்துவக் காப்பீடு உண்டு. அதில் உங்கள் பங்கு 0.75 சதவீதம், கம்பெனி பங்கு 3.25. ஓவர்டைமுக்கு இரட்டைக் கூலி. வேலைக்கு ஆள் சேர்த்து விடுகிறோம் என்று முன்பணம் கேட்கும் கன்சல்டன்சியாக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

முதல் முறையாக பி.எஃப். கணக்கு தொடங்குபவருக்கு இன்னொன்றும் இருக்கிறது. 2025 ஆகஸ்ட் 1 முதல் 2027 ஜூலை 31 வரை சேருபவர்களுக்கு மத்திய அரசு ஒரு மாதச் சம்பளத்தை, 15,000 ரூபாய் வரை, இரண்டு தவணையாகத் தருகிறது. ஆறு மாதம் வேலையில் நிலைத்தால் முதல் தவணை. பன்னிரண்டு மாதம் முடித்து, நிதி அறிவுப் பாடத்தையும் முடித்தால் இரண்டாவது. கூடுதல் ஆள் எடுக்கும் கம்பெனிக்கும் தலைக்கு மாதம் 3,000 ரூபாய் வரை கிடைக்கிறது, உற்பத்தித் துறைக்கு நான்கு ஆண்டு வரை. பி.எஃப். கணக்கே தொடங்காத வேலை என்றால் இதில் உங்களுக்கு ஒரு ரூபாயும் வராது.

யூ.ஏ.என். என்ற உங்கள் பி.எஃப். எண் கிடைத்த அடுத்த மாதமே பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள். பணம் கட்டிய நிறுவனத்தின் பெயர் அதில் இருக்கும். அது நியமனக் கடிதத்தில் உள்ள பெயரோடு பொருந்தவில்லை என்றால், மாதக் கடைசி வரை காத்திருக்காமல் அன்றைக்கே எச்.ஆர்.இடம் போய்க் கேளுங்கள்.